காவிரி டெல்டாக் குரங்குகளில் இரத்த ஒட்டுண்ணிகள்: மாதிரி எடுப்பதிலிருந்து ஸ்லைடு படிப்பது வரை

கோயில் மதிலில் மெலிந்துபோய் உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பார்த்ததும் இரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டத் தோன்றும். பெரும்பாலும் அது தவறான முடிவு. குல்லாய் வைத்தாற்போல் தலைமுடி கொண்ட நம் நாட்டுக்குரங்கு தன் இரத்த ஒட்டுண்ணிகளோடு நெடுங்காலம் ஒத்துப்போய் வாழ்கிறது. ஒட்டுண்ணி இருந்தும் கொழுகொழுவென்று திரியும் கடுவன்கள் உண்டு. ஒட்டுண்ணியே இல்லாமல் குடல்புழுவாலும், பல் சொத்தையாலும், ஓயாமல் வடையும் பிஸ்கட்டும் தின்றதாலும் நலிந்தவையும் உண்டு. ஸ்லைடில் ஒட்டுண்ணி தெரிவதும் குரங்கு நோயுற்றிருப்பதும் ஒன்றல்ல.

கால்நடை மருத்துவர், வனத்துறைப் பணியாளர், ஆய்வு மாணவர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது. டெல்டாவின் ஈரக்காற்று, உப்புத் தண்ணீர், வாய்க்கால், எறும்பு எல்லாம் ஆய்வுக்கூடப் புத்தகத்தில் இருக்காது, இங்கே உண்டு.

முதல் கேள்வி: இந்தக் குரங்கை எது கடித்தது?

ஒட்டுண்ணி எதுவானாலும் அதைச் சுமந்து வந்த பூச்சி ஒன்று இருந்தாக வேண்டும்.

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்துக்கு அனாஃபிலிஸ் கொசு. தென்னிந்திய நாட்டுக்குரங்குகளில் அறியப்பட்டவை முக்கியமாக மூன்று: பிளாஸ்மோடியம் சைனோமால்கி, பிளாஸ்மோடியம் இனுய், பிளாஸ்மோடியம் ஃபிராஜிலே. நீலகிரிப் பகுதியில் 1960களில் நடந்த ஆய்வுகள் குரங்கு மலேரியாவைப் பரப்புவதாகக் காட்டியது அனாஃபிலிஸ் எலிகன்ஸ் கொசுவை. அது நிழலடர்ந்த காட்டுக்குள் வாழ்கிற கொசு. வெட்டவெளியாகக் கிடக்கும் நெல்வயல்களில் பெருகும் அனாஃபிலிஸ் இனங்கள் வேறு. ஆகவே டெல்டாக் குரங்கு ஒன்றின் இரத்தத்தில் பிளாஸ்மோடியம் கண்டால், "இந்தக் கூட்டம் இங்கேயே பிறந்ததா, வேறெங்கிருந்தோ கொண்டுவந்து விட்டதா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஓரிடத்தில் தொல்லை என்று பிடித்த குரங்குகளை இன்னோரிடத்தில் அவிழ்த்து விடும் வழக்கம் இருக்கிறவரை, பதிவேட்டின் முதல் வரி "எங்கிருந்து வந்தது" என்பதாகவே இருக்கட்டும்.

மலேசியாவில் மனிதரைத் தாக்கும் பிளாஸ்மோடியம் நோலெசியைப் பற்றிப் படித்துவிட்டு இங்கும் அதையே தேடுகிறவர்கள் உண்டு. 1930களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஒரு குரங்கில் முதலில் ஆராயப்பட்டதால் ஏற்படும் மயக்கம் அது. அந்தக் குரங்கு சிங்கப்பூரிலிருந்து வந்தது. நோலெசியின் இயல்பான இருப்பிடம் தென்கிழக்காசியாவின் நீள்வால் குரங்கும் பன்றிவால் குரங்கும்தான்.

அடுத்தது பிளாஸ்மோடியத்தின் உறவான ஹெபட்டோசிஸ்டிஸ். இதைப் பரப்புவது கொசுவை விடச் சிறிய, வலைக்குள்ளும் நுழைந்துவிடும் குலிகாய்டஸ் ஈ. அது ஈரமண்ணிலும் சாணச் சேற்றிலும் பெருகும். டெல்டாவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. உண்ணி வழியாக வருவது சிவப்பணுவைத் தாக்கும் பபீசியா. மாட்டைச் சுற்றும் பெரிய கடி ஈக்கள் வழியாக வருவது, இரத்தத்தில் இழைபோல் நெளியும் டிரிப்பனோசோமா எவான்சி. மாட்டிலும் குதிரையிலும் சர்ரா நோய் தருவது இதுதான். குரங்கில் அரிது என்றாலும், மாட்டுக் கொட்டகையை ஒட்டி வாழும் கூட்டத்திலும், குதிரைகள் திரியும் கோடியக்கரைக் காட்டிலும் இதை மறந்துவிடக் கூடாது. கடைசியாக, மைக்ரோஃபைலேரியா என்னும் நுண்புழு. கும்பகோணம் வட்டாரத்தில் யானைக்கால் என்றதும் குரங்கைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். யானைக்கால் தரும் உச்செரேரியா பான்கிராஃப்டி மனிதரிடம் மட்டுமே இயல்பாக வாழும் புழு. குரங்கில் காண்பது வேறு இனம்.

அனுமதியும் தற்காப்பும்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி ஆய்வுக்காகப் பிடிக்கவோ இரத்தம் எடுக்கவோ தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஊராட்சித் தீர்மானம் போதாது. கல்வி நிறுவனமானால் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை.

கையுறை இரண்டு அடுக்கு, முகக்கவசம், கண்ணாடி, முழங்கை வரை தடித்த சட்டை. குரங்கிடமிருந்து நமக்கு வரக்கூடியவற்றில் ஒட்டுண்ணியை விட அஞ்ச வேண்டியவை வெறிநாய்க்கடி வைரஸும் ஹெர்பிஸ்-பி வைரஸும். நம்மிடமிருந்து அதற்குப் போகக்கூடியது காசநோய். இருமல் உள்ளவர் குழுவில் வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "குரங்கு கடித்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு ஹெர்பிஸ்-பிக்கான மருந்தும் தேவையா என்று அவர்கள் முடிவு செய்ய அது உதவும்.

பிடிப்பதும் மயக்குவதும்

ஊதுகுழல் ஊசி டெல்டாவில் ஆபத்தானது. மருந்தேறிய குரங்கு 3 முதல் 5 நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் அது ஏறுவது மரம், மரத்துக்குக் கீழே வாய்க்கால் அல்லது கோயில் குளம். விழுந்தால் மூழ்கிவிடும். கூண்டு வைத்துப் பிடித்து, ஒரு பக்கச் சுவரை இழுத்து நெருக்கும் வசதியுள்ள கூண்டுக்கு மாற்றி, தொடைத் தசையில் ஊசி போடுவதே நல்லது.

மயக்க மருந்தான கெட்டமின் ஒரு கிலோ எடைக்கு 10 மி.கி. வழக்கமான அளவு. 4 கிலோ பெண் குரங்குக்கு 40 மி.கி.; ஒரு மி.லி.யில் 50 மி.கி. உள்ள குப்பியானால் 0.8 மி.லி. இது கடுங்கட்டுப்பாட்டிலுள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியல் மருந்து. கால்நடை மருத்துவரே எடுத்து, அவரே போட்டு, அவரே கணக்கெழுத வேண்டும்.

மயங்கியதும் முதல் வேலை இரத்தம் எடுப்பதன்று. கன்னத்துப் பையைப் பாருங்கள். நாட்டுக்குரங்கு இரையை மென்று விழுங்காமல் இரு கன்னத்திலும் அடைத்து வைக்கும். கூண்டில் வைத்த நிலக்கடலையும் தேங்காய்ச் சில்லும் அங்கேதான் இருக்கும். மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போனால் அவ்வளவுதான். ஒருவர் வாயைத் திறந்து பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து கன்னத்தைக் கீழிருந்து மேலாக அழுத்தினால் வந்துவிடும். பிறகு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கண்ணுக்குக் களிம்பு போடுங்கள், ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஆசனவாய் வெப்பம் பாருங்கள். சித்திரை வைகாசியில் காலை 9 மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள்.

குட்டி பற்றிய தாயை முடிந்தவரை விட்டுவிடலாம்.

இரத்தம் எடுத்தல்

தொடையிடுக்கில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பாருங்கள். துடிக்கும் தமனிக்குச் சற்று உட்பக்கமாகத் தொடைச் சிரை ஓடும். 22 அல்லது 23 கேஜ் ஊசி, 3 மி.லி. சிரிஞ்ச். தேவை 2 மி.லி. மட்டுமே. உடல் எடையில் ஒரு விழுக்காடு வரை எடுக்கலாம் என்பது பொது விதி. ஆனால் இரத்தசோகையை எதிர்பார்த்துப் போகிறவர் அந்த எல்லையைத் தொடவே கூடாது. ஊசியை எடுத்தபின் 3 நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். அழுத்தாமல் விட்டால் உள்ளே இரத்தம் கட்டும்.

சிரிஞ்சில் இருக்கும்போதே, இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ கலக்காத முதல் துளியில் தடவல் (ஸ்லைடில் இரத்தத்தைப் பரப்புவது) போடுவதுதான் சிறந்தது. மீதியை ஊதா மூடி இடிடிஏ குழாயில் விட்டு, குலுக்காமல் 8 முறை தலைகீழாகத் திருப்புங்கள். ஒட்டுண்ணிகளின் வடிவம் கெடாமல் இருக்க ஒரு மணி நேரத்துக்குள் அதிலிருந்தும் தடவல் போட்டுவிட வேண்டும். நேரமானால் ஒரு வேடிக்கை நடக்கும். இரத்தம் குளிர்ந்து கரியமிலவாயு குறைந்ததும், கொசுவின் வயிற்றுக்குள் வந்துவிட்டோம் என்று நினைத்து ஒட்டுண்ணியின் இனப்பெருக்க நிலையான ஆண் காமிட்டோசைட் சாட்டை போன்ற இழைகளை வெளியே விடும். அந்த இழைகளை டிரிப்பனோசோமா என்று எழுதி அனுப்பியவர்கள் உண்டு.

தடவல்: டெல்டாவில் கெட்டுப்போவது இங்கேதான்

ஒரு குரங்குக்கு நான்கு ஸ்லைடு: இரண்டில் தடித்த தடவல், இரண்டில் மெல்லிய தடவல். தடித்ததற்கு 6 மைக்ரோலிட்டர் இரத்தம். அதை 12 மி.மீ. அகல வட்டமாகப் பரப்புங்கள். அதன் கீழே செய்தித்தாள் எழுத்து மங்கலாகப் படிக்க முடிந்தால் சரியான கனம். மெல்லியதற்கு 2 மைக்ரோலிட்டர் போதும். தள்ளும் ஸ்லைடை 45 டிகிரி சாய்த்து, நிறுத்தாமல் ஒரே வீச்சில் தள்ளுங்கள். முடிவில் நாக்கு வடிவம் வர வேண்டும். ஸ்லைடின் ஓரம் வரை போய்விட்டால் இரத்தம் அதிகம். வரிவரியாக விழுந்தால் தள்ளியவரின் கை நடுங்கியிருக்கிறது, அல்லது ஸ்லைடில் எண்ணெய்ப் பசை.

குரங்கின் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மையை, தடவலைப் பதப்படுத்தும் மெத்தனால் கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியில் எது எந்தக் குரங்கு என்று தெரியாமல் ஒரு நாள் உழைப்பு வீணாகும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் தடித்த தடவல் உலர ஒரு நாளாகும். அதற்குள் இரத்த அணுக்கள் உருக்குலைந்து, பூஞ்சை பிடித்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், அடியில் நீலநிறச் சிலிக்கா ஜெல் பரப்பி, ஸ்லைடுகளைப் படுக்கை வசத்தில் வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். கோடையில் இதற்கு நேர்மாறான சிக்கல்: வெயிலிலோ வண்டியின் முன்பலகையிலோ வைத்தால் சூட்டிலேயே தடித்த தடவல் இறுகிவிடும். பிறகு சாயத்தில் சிவப்பணு கரையாது, சிவப்புத் திரைக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது.

எறும்பு, ஈ, கரப்பான் மூன்றுக்கும் உலர்ந்த இரத்தம் விருந்து. இரவில் திறந்து வைத்த ஸ்லைடில் காலையில் வட்டவட்டமாக ஓட்டை இருந்தால் கிருமியைத் தேடாதீர்கள், எறும்பைத் தேடுங்கள். பெட்டியை வைக்கும் மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நம் வீடுகளில் பலகாரப் பாத்திரத்துக்குச் செய்கிற வேலைதான்.

சாயம்

மெல்லிய தடவலை மட்டும் சுத்த மெத்தனாலில் சில நொடி முக்கி எடுங்கள். தடித்த தடவலின் மேல் மெத்தனாலின் ஆவிகூடப் படக்கூடாது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அடிக்கடி திறந்த பழைய பாட்டிலில் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதில் முக்கினால் சிவப்பணுக்களுக்குள் பளிச்சென்று ஒளிரும் குழிகள் விழும். பபீசியா என்று அவசரப்பட வைப்பவை இவைதான். நுண்ணோக்கியின் குவியத்தை மேலும் கீழும் நகர்த்துங்கள். குழி மின்னும், ஒட்டுண்ணி மின்னாது, அதற்கு நீலச் சைட்டோப்பிளாசமும் சிவப்புப் புள்ளியாக உட்கருவும் இருக்கும்.

ஒட்டுண்ணிக்கு நிறமூட்டும் ஜிம்சா சாயத்துக்குத் தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7.2 இருக்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு. அதில் கலக்கினால் எல்லாம் ஒரே நீலமாக வரும். காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி, பி.எச். அளவை நிலையாக வைக்கும் 7.2 பஃபர் மாத்திரை ஒன்றை அதன் உறையில் சொன்ன அளவு நீரில் கரையுங்கள். பி.எச். 6.8-க்கான பஃபர் மனித இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் எளிதில் கிடைக்கும். அதை வாங்கிவிடாதீர்கள். அந்த அமிலத்தன்மையில் சைனோமால்கியின் அடையாளமான, சிவப்பணுவில் விழும் இளஞ்சிவப்பு ஷூஃப்னர் புள்ளிகள் தெரியாமல் போகும்.

அவசரமென்றால் 10 விழுக்காடு: 1 மி.லி. சாயம், 9 மி.லி. பஃபர், 10 நிமிடம். நேரமிருந்தால் 3 விழுக்காடு: 3 மி.லி. சாயம், 97 மி.லி. பஃபர், 45 முதல் 60 நிமிடம். குரங்கு ஸ்லைடுக்கு இரண்டாவதே நல்லது. நிறங்கள் தனித்தனியாக நிற்கும். சாயத்தைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். மேலே மிதக்கும் உலோகப் பளபளப்பான படலம் தடவலின் மேல் அமர்ந்துவிடும். ஒரு முனையிலிருந்து பஃபரை மெல்ல விட்டு, படலத்தை அடித்துக்கொண்டு போக விடுங்கள்.

ஸ்லைடு படித்தல்

எண்ணெய் லென்ஸ், 100 மடங்கு. தடித்த தடவலில் குறைந்தது 200 களம் (லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்) பார்த்த பிறகே "இல்லை" என்று எழுதலாம். காட்டுக் குரங்கில் ஒட்டுண்ணி எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பதே வழக்கம். 100 களத்தோடு எழுந்துவிட்டால் பலவற்றைத் தவறவிடுவோம்.

முதலில் பழுப்பு நிறமித் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்மோடியத்திலும் ஹெபட்டோசிஸ்டிஸிலும் வளர்ந்த நிலையில் நிறமி உண்டு, பபீசியாவில் இல்லை. சிவப்பணுவில் நான்கு பொட்டுகள் சிலுவைபோல் கூடியிருந்தால் பபீசியாவின் பக்கம் சாயலாம்.

அடுத்து, பிளவுபடும் நிலையான சைசான்ட் இருக்கிறதா? ஹெபட்டோசிஸ்டிஸ் கல்லீரலில் மட்டுமே பெருகும். இரத்தத்தில் ஒட்டுண்ணியின் இளம் வளைய நிலைகளும் அணுவையே நிரப்பும் பெரிய உருண்டைக் காமிட்டோசைட்டுகளும் தெரியும், சைசான்ட் ஒருநாளும் தெரியாது. ஆனால் இங்கே ஒரு பொறி. ஃபிராஜிலேயின் முதிர்ந்த நிலைகளும் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும். வெளியே ஓடும் இரத்தத்தில் பெரும்பாலும் வளையங்களே. மனித மலேரியா இனமான ஃபால்சிபாரம் செய்கிற அதே வேலை. ஆகவே "சைசான்ட் இல்லை, எனவே ஹெபட்டோசிஸ்டிஸ்" என்று எழுதிவிட முடியாது. டிஎன்ஏவைப் பார்க்கும் மூலக்கூறுச் சோதனைதான் தீர்க்கும்.

சிவப்பணு ஊதிப் பெரிதாகி, இளஞ்சிவப்புப் புள்ளிகள் நிறைந்திருந்தால் சைனோமால்கி. மனிதரின் வைவாக்ஸுக்கு இரட்டைப் பிறவிபோல் இருக்கும், 48 மணி நேரப் பெருக்கச் சுழற்சி. அணு பெரிதாகாமல் எல்லா நிலைகளும் கண்ணில் பட்டால் இனுய். 72 மணி நேரச் சுழற்சி.

சிவப்பணுவின் மேல் அமர்ந்த இரத்தத்தட்டு வளையமாகத் தோன்றும். சுற்றி மெல்லிய ஒளிவட்டம் இருக்கும். சாயத் துகள் வேறொரு குவியத் தளத்தில் நிற்கும். இரண்டையும் பத்து ஸ்லைடு பார்த்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணிக்கைக்கு: 200 வெள்ளணுக்கள் எண்ணும் வரை கண்ட ஒட்டுண்ணிகளை, ஒரு மைக்ரோலிட்டரிலுள்ள வெள்ளணு எண்ணிக்கையால் பெருக்கி 200-ஆல் வகுங்கள். 12 ஒட்டுண்ணி, வெள்ளணு 8000 என்றால் 480. அந்த 8000 மனிதருக்காக வைத்துக்கொண்ட தோராயம். கூண்டில் அகப்பட்ட பதற்றத்திலேயே குரங்கின் வெள்ளணு ஏறிவிடும். அதே குழாயிலிருந்து உண்மையான எண்ணிக்கையை எடுத்துப் போடுங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மலேரியா அட்டைச் சோதனையை நம்ப வேண்டாம். அட்டையிலுள்ள எச்ஆர்பி-2 கோடு ஃபால்சிபாரத்தின் புரதத்துக்கானது. எல்லா மலேரியாவுக்குமான பொதுக்கோடு சில குரங்கு மலேரியா இனங்களோடு வினைபுரியலாம் என்றாலும், இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் வராது.

அசைவனவற்றைப் பிடிக்க

டிரிப்பனோசோமாவும் மைக்ரோஃபைலேரியாவும் உயிரோடு நெளியும்போதே எளிதில் அகப்படும். 5 மைக்ரோலிட்டர் இரத்தத்தின் மேல் கவர்ஸ்லிப் வைத்து, பத்து நிமிடத்துக்குள் 40 மடங்கு லென்ஸில் பாருங்கள். சிவப்பணுக்கள் காரணமின்றி ஒதுங்கித் துள்ளும் இடத்தில் ஏதோ இருக்கிறது.

இரத்தத்தைக் கேபில்லரி குழாயில் ஏற்றி, ஒரு முனையை அடைத்து, நிமிடத்துக்கு 12,000 சுற்றில் 5 நிமிடம் சுழற்றினால் இரண்டு பயன். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான சிவப்பணு விகிதம் கிடைக்கும். 35 முதல் 45 விழுக்காடு என்றால் கவலையில்லை. சிவப்பணுக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவிலுள்ள வெண்படலத்தை, குழாயோடு சேர்த்தே நுண்ணோக்கியில் பார்த்தால் டிரிப்பனோசோமா அங்கே திரண்டிருக்கும்.

மைக்ரோஃபைலேரியாவுக்கு 1 மி.லி. இடிடிஏ இரத்தத்தை 9 மி.லி. 2 விழுக்காடு ஃபார்மலினில் கலந்து, நிமிடத்துக்கு 1,500 சுற்றில் 5 நிமிடம் சுழற்றி, அடிவண்டலில் மெத்திலீன் நீலம் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சில இனங்களின் புழு இரவில் மட்டுமே மேலே வரும் என்பதால், பகலில் எடுத்த இரத்தத்தில் இல்லை என்பது முழு விடையாகாது.

மூலக்கூறுச் சோதனைக்கு

வாட்மேன் 3 எண் வடிதாளில் 50 மைக்ரோலிட்டர் வீதம் நான்கு பொட்டு. தாளைத் தொங்கவிட்டு முழுக்க உலர்த்துங்கள். பாதி உலர்ந்ததைப் பையில் போட்டால் பூஞ்சை டிஎன்ஏவைத் தின்றுவிடும். ஒவ்வொரு தாளும் தனிப் பை, ஒவ்வொன்றிலும் சிலிக்கா ஜெல். பிளாஸ்மோடியத்தை மட்டும் தேடும் பிரைமரோடு (டிஎன்ஏவைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் துண்டு) நிற்காமல், ஹெபட்டோசிஸ்டிஸையும் காட்டும் சைட்டோகுரோம்-பி மரபணுவைப் படித்துத் தரச் சொல்லுங்கள். டெல்டாவில் கால்நடை மருத்துவர்களுக்கு அருகிலிருப்பது ஒரத்தநாட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. கொசு இனம் காணப் புதுச்சேரியில் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

ஒட்டுண்ணி இருக்கிறது, இனி?

குரங்கு தெளிவாக இருந்து, சிவப்பணு விகிதமும் சரியாக இருந்தால் மருந்து வேண்டாம். மலேரியா மருந்தான குளோரோகுயினை மூன்று நாள் கொடுக்க மூன்று நாள் கூண்டில் வைக்க வேண்டும். அதற்குள் கூட்டத்தில் அதன் இடம் போய்விடும். கூண்டுப் பதற்றமே அடங்கிக்கிடந்த ஒட்டுண்ணியைக் கிளப்பிவிடவும் கூடும். சைனோமால்கி கல்லீரலில் உறங்கும் நிலையையும் வைத்திருப்பதால் குளோரோகுயின் மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். ஈறு வெளுத்து, எழுந்து உட்கார முடியாமல், விகிதம் 20-க்குக் கீழே போன குரங்கு வேறு கதை. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மாட்டுக்கான டிமினசீன் மருந்தை எடை பார்த்துக் குரங்குக்குக் கணக்குப் போடும் வேலை மட்டும் வேண்டாம்.

இடம் மாற்றுவதாக இருந்தால் நிலைமை வேறு. டெல்டாவில் காட்டுக் கொசு இல்லாததால் முடங்கிக்கிடக்கும் பிளாஸ்மோடியம், பச்சைமலை கொல்லிமலை அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டால் அங்குள்ள கூட்டத்துக்குப் போகலாம். இடமாற்றத்துக்கு முன் தடவலும் வடிதாளும் கட்டாயம்.

இறந்து கிடக்கும் குரங்கை வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவை அடுத்தடுத்து இறந்தால் ஒட்டுண்ணியை மறந்துவிட்டு வைரஸைச் சந்தேகியுங்கள். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததற்குக் காரணம் உண்ணி பரப்பிய வைரஸ். பிரேதப் பரிசோதனையில் மண்ணீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றின் வெட்டுப்பரப்பை ஸ்லைடில் ஒற்றி எடுத்துச் சாயமிடுங்கள். ஃபிராஜிலே ஒளிந்திருந்தால் அங்கே தெரியும். ஹெபட்டோசிஸ்டிஸ் ஆனால் கல்லீரல் மேல் வெண்பொட்டுகளாக வெறுங்கண்ணுக்கே தெரியும்.

உயிருள்ள குரங்கைப் பொறுத்தவரை, கைப்பிடி இறுகி, விழுங்கத் தொடங்கி, கிளையைப் பிடித்துத் தானாக ஏறும் வரை கூண்டில் வைத்திருங்கள். கெட்டமினுக்கு இரண்டு மூன்று மணி நேரமாகலாம். பிடித்த அதே மரத்தடியில், கூட்டம் கண்ணெதிரே இருக்கும்போது, பொழுது சாய்வதற்குள் திறந்துவிடுங்கள்.